இதயம் இடப்பக்கம் இருந்தாலும் பிறவி சிலியா நோய் இருக்கலாம்

கேள்வி: உசிலம்பட்டி அருகே வசிக்கும் எனக்கு வயது 33. நினைவு தெரிந்த நாள் முதல் சளியும் மூக்கடைப்பும் உண்டு. சிறுவயதில் காதில் சீழ் வடியும். சளியில் கிருமி தென்படாமலேயே இரண்டு முறை காசநோய் மாத்திரை கொடுத்தார்கள், குணமில்லை. மாமன் மகளை மணந்து நான்கு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. நுரையீரலின் வலது நடுமடலிலும் இருபுறக் கீழ்மடல்களிலும் மூச்சுக்குழாய்கள் விரிந்திருப்பதாக சி.டி. ஸ்கேன் சொல்கிறது. இதயம் வலப்பக்கம் அமைந்திருக்கும் கார்ட்டஜெனர் நோயோ என்று கேட்டதற்கு, இதயம் இடப்பக்கமே இருப்பதால் இல்லை என்றார்கள். இது சரியா?

பதில்: அதைக் கொண்டு மட்டும் விலக்கிவிட இயலாது. மூச்சுப்பாதையின் உட்பரப்பில் சிலியா என்னும் நுண்மயிரிழைகள் இடைவிடாது அசைந்து சளியை வெளியே தள்ளுகின்றன. அவ்வசைவு பிறவியிலேயே பழுதுபட்டிருப்பதுதான் பிரைமரி சிலியரி டிஸ்கைனீசியா. கருவில் உறுப்புகளின் இட வல அமைப்பைத் தீர்மானிப்பவையும் இத்தகைய இழைகளே ஆதலால், அவை இயங்காதபோது இதயம் எப்பக்கம் அமையும் என்பது தற்செயலாகிவிடுகிறது. ஏறக்குறைய பாதி நோயாளிகளுக்கே உறுப்புகள் முழுமையாக இடம் மாறியிருக்கும். கார்ட்டஜெனர் நோய் என்பது அவர்களுக்குரிய பெயர். மற்றவர்கள் இதயம் உரிய இடத்தில் இருப்பதாலேயே பல ஆண்டுகள் கண்டறியப்படாமல் போகின்றனர்.

ஸ்கேனில் நான் முதலில் பார்ப்பது விரிவு எங்கே இருக்கிறது என்பதை. காசநோயின் தழும்புகள் பெரும்பாலும் மேல்மடல்களில் தங்கும். சளி கெட்டியாகும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸிலும் மேற்பகுதியே அதிகம் கெடும். சிலியரி டிஸ்கைனீசியாவிலோ நடுமடல், அதற்கு இணையான இடப்பக்க லிங்குலா, கீழ்மடல்கள் ஆகியவை பாதிக்கப்பட்டு, மேற்பகுதி பொதுவாகத் தப்பிவிடும். தடித்த மூச்சுக்குழாய்ச் சுவர், சளி அடைப்பு, துளிர்விட்ட கிளை போன்ற நுண்புள்ளிகள், சில வேளை முழுதும் சுருங்கிப்போன நடுமடல் ஆகியவையும் காணப்படும். சைனஸ் ஸ்கேனில் நெற்றி எலும்பிலுள்ள காற்றறை சரிவர வளராதிருந்தால் அதுவும் ஒரு தடயம்.

ஆயினும் படத்தைவிட வரலாறு வலியது. நிறைமாதத்தில் பிறந்தும் முதல் ஓரிரு நாளில் மூச்சுத்திணறலுக்காக ஆக்சிஜன் வைத்தார்களா என்று தங்கள் தாயாரிடம் கேளுங்கள்; ஆம் என்றால் ஐயம் மிகவும் வலுப்படும். தங்கள் பெற்றோரும் உறவுக்குள் மணந்தவர்களா என்பதை எழுதவில்லை; தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணுக் குறை வந்தால்தான் பெரும்பாலும் இந்நோய் வரும் என்பதால் அதுவும் முக்கியம்.

உறுதிப்படுத்த ஒரே பரிசோதனை போதாது. இந்நோயில் மூக்குக் காற்றில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு மிகக் குறைவாக இருக்கும். ஆனால் அதை அளக்கும் வசதி சில மையங்களில் மட்டுமே உண்டு. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தாலும் நோயுள்ள 10 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு இழைகளின் அமைப்பு இயல்பாகவே தெரியும். ஆகவே இரத்தத்தில் மரபணுப் பரிசோதனையும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை விலக்க வியர்வைப் பரிசோதனையும் தேவை. பழைய படங்கள் அனைத்துடன் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நெஞ்சக நோய் மருத்துவரைப் பாருங்கள். சளியில் சான்றின்றி மூன்றாம் முறை காசநோய் மருந்தைத் தொடங்க வேண்டாம். சளியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் கொடுங்கள். அன்றாடம் சளியை வெளியேற்றும் பயிற்சியே சிகிச்சையின் அடித்தளம், தடுப்பூசிகளும் அவசியம்.

விந்தணுவின் வாலும் இதே அமைப்பு உடையது. அது அசையாமையே குழந்தையின்மைக்குக் காரணமாக இருக்கலாம். விந்துப் பரிசோதனை அதைக் காட்டும். உயிருள்ள அணுவை நேரடியாகச் சினைமுட்டையில் செலுத்தும் இக்சி முறையால் தந்தையாக இயலும். ஆனால் தங்கள் மனைவி மாமன் மகள் என்பதால் அதே மரபணுக் குறையை அவரும் சுமக்கக்கூடும். சிகிச்சைக்கு முன்பே அவருக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.