சாக்கு உதறும் சுழல் உருளை: வாசகர் கேள்வி – பதில்

பழைய சாக்குகளைக் கம்பி வலை உருளைக்குள் போட்டுச் சுற்றி, தூசியைப் போக்கும் சுழல் உருளை எந்திரம் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி (ஈரோடு): பழைய சணல் சாக்கு வாங்கி, தூசி தட்டி, கிழிசல் தைத்து விற்கிறோம். ஆறு பேர் தடியால் அடித்து உதறினால் நாளைக்கு 2,000 சாக்கு ஆகிறது. தூசிக்குப் பயந்து ஆட்கள் நிற்பதில்லை. உருளை எந்திரம் போட்டால் எந்த அளவு வேண்டும்? உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ள முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். உருளை தூசியைக் கிளப்பும், அவ்வளவுதான். அதை வெளியே கொண்டுபோவது காற்று. வலை உருளைக்கு மோட்டாரை மாட்டிவிட்டு, உறிஞ்சியை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்ட இடங்களில், முன்பு முற்றத்தில் பறந்த தூசி இப்போது கூரைக்குள் பறக்கிறது. அதில் ஒரு பங்கு உதறிய சாக்கிலேயே திரும்பப் படிகிறது. செலவுக் கணக்கும் இதே கதைதான்: உருளையைச் சுற்ற 2 எச்.பி. போதும், காற்றை இழுக்கும் புளோயருக்கு 3 எச்.பி. வேண்டும்.

தானியம் வரும் 50 கிலோ சணல் சாக்கு 94 செ.மீ. நீளம், 57 செ.மீ. அகலம், சுமார் 580 கிராம் எடை. இந்தச் சாக்குக்கு 1.5 மீட்டர் விட்டம், 2 மீட்டர் நீளம் உள்ள உருளை சரியாக இருக்கும். ஒரு நடைக்கு 40 சாக்கு, அதாவது 23 கிலோ. தளர்வாகப் போட்டால் உருளையின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு நிறையும். அதற்கு மேல் போடக் கூடாது. போட 2 நிமிடம், சுற்ற 5 நிமிடம், தூசி அடங்க 1 நிமிடம், எடுக்க 2 நிமிடம் என்றால் மணிக்கு 6 நடை, 240 சாக்கு. எட்டு மணி நேரத்தில் உங்கள் 2,000 ஏறக்குறைய வந்துவிடும். ஆட்கள் இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆள், சாக்கின் உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் கொடுக்க மட்டும்.

சுழல் வேகத்தைப் பட்டறைக்காரரின் கைக்கணக்குக்கு விடாதீர்கள். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் சாக்கு வலையோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், கீழே விழாது. விழுந்து அடிபட்டால்தான் தூசி உதிரும். அந்த எல்லையைக் கண்டுபிடிக்க, 42.3 என்ற எண்ணை உருளை விட்டத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 1.5 மீட்டருக்கு நிமிடத்துக்கு 34.5 சுற்று வரும். இதில் 60 முதல் 65 சதவீதத்தில் ஓட்டுங்கள், அதாவது 21 அல்லது 22 சுற்று. 1,440 சுற்று மோட்டார், வேகத்தை 30-க்கு 1 ஆகக் குறைக்கும் வார்ம் கியர் பாக்ஸ், 15 பல்லும் 33 பல்லும் உள்ள செயின் சக்கரங்கள் போட்டால் 21.8 சுற்று கிடைக்கும்.

உருளையின் உடம்புக்கு 25 மி.மீ. கண்ணுள்ள, 10 கேஜ் கம்பியிலான வெல்டு மெஷ் போடுங்கள். 50 மி.மீ. கண் வைத்தால் சாக்கின் மூலைக் காதுகள் வெளியே நீட்டி, உருளையைச் சுற்றியுள்ள தகர உறையில் உரசிக் கிழியும். உட்புறத்தில் வெல்டிங் முள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிரைண்டர் போட்ட பிறகு ஒரு பழைய பனியனை உள்ளே முழுக்கத் தேய்த்துப் பாருங்கள், மாட்டுகிற இடமெல்லாம் சாக்கும் மாட்டும். சாக்கைத் தூக்கிப் போட நான்கு பட்டைகள், 15 முதல் 20 செ.மீ. உயரம், விளிம்பு உருட்டியது. ஆணி, கொக்கி எதுவும் வேண்டாம்.

நடுவில் குறுக்குத் தண்டு ஓடக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பட்டறையில் முதலில் கைக்கு வருவது அந்த வடிவம்தான். தண்டு இருந்தால் சணல் நூல் அதில் கண்டு கண்டாகச் சுற்றும். மாதம் ஒரு முறை அரிவாளோடு உள்ளே இறங்க வேண்டும். இரு முனைத் தட்டுகளிலும் தனித்தனிக் குட்டைத் தண்டு வைத்து பிளம்மர் பிளாக்கில் (பேரிங் தாங்கி) உட்கார வையுங்கள்.

உருளைக்கும் தகர உறைக்கும் இடையே 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். அடியில் 60 டிகிரிச் சரிவுள்ள கூம்பு. அதன் கீழே இழுப்புப் பெட்டி. தானியம், கல், நூல் துண்டு எல்லாம் அதில் விழும். காற்று ஒரு முனையில் நுழைந்து, விழும் சாக்குகளுக்கு ஊடே போய், மறுமுனைச் சுவரில் உள்ள அகன்ற வாயில் வெளியேற வேண்டும். உறிஞ்சும் வாயைக் கூம்பின் அடியில் வைத்தால் நெல்லும் நூலும் குழாய்க்குள் ஏறி அடைத்துவிடும்.

குழாய்க்கு 20 செ.மீ. விட்டம் போதும். அதற்குள் காற்று நொடிக்கு 18 மீட்டருக்குக் குறையாமல் ஓட வேண்டும், குறைந்தால் தூசி குழாயின் அடியில் படியும். இந்த வேகத்தில் மணிக்குச் சுமார் 2,000 கன மீட்டர் காற்று போகும். உறையின் திறப்புகள் மொத்தமாக 0.5 சதுர மீட்டருக்குள் இருந்தால், திறப்பில் காற்று நொடிக்கு 1 மீட்டருக்கு மேல் உள்ளே இழுக்கும், தூசி வெளியே தப்பாது. குழாயை முதலில் சைக்ளோனில் (காற்றைச் சுழலவிட்டுத் தூசியைப் பிரிக்கும் கூம்புக் கலம்) விடுங்கள். நூலும் கரட்டுத் தூசியும் அங்கே நின்றுவிடும். அடுத்துத் துணிப்பை வடிகட்டி. 15 செ.மீ. விட்டம், 2 மீட்டர் நீளம் உள்ள பை 36 வேண்டும். புளோயர் கடைசியில், சுத்தக் காற்றுப் பக்கம் இருக்கட்டும்.

வேலை முறையில் ஒரு விஷயம் மட்டும். சாக்கை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். தூசி இருப்பது உள்ளே, அதிலும் அடித்தையல் மூலைகளில். திருப்பாமல் போட்டால் கால் மணி நேரம் சுற்றினாலும் மூலைத் தூசி மூலையிலேயே இருக்கும். திருப்ப ஆள் கூலி ஆகிறது என்பவர்கள், அந்தக் கூலியை மின்சாரத்திலும் தையல் விட்டுப்போன சாக்கிலும் கொடுக்கிறார்கள்.

கேள்வி (காங்கயம்): அரிசி ஆலையில் உருளை வைத்திருக்கிறோம். ஐந்தாறு நிமிடத்தில் சாக்கெல்லாம் ஒன்றோடு ஒன்று முறுக்கிக் கயிறு மாதிரி வருகிறது. பிரித்தால் உள்ளே அப்படியே தூசி. ஏன்?

பதில்: பெரும்பாலும் சுமை அதிகம். சாக்கு விழ இடமில்லாமல் உருளும்போதுதான் முறுக்கு ஏறும். முதலில் பாதிச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். முறுக்கு நின்றுவிட்டால் காரணம் அதுதான்.

பாதிச் சுமையிலும் முறுக்கினால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். தூக்கும் பட்டையின் உயரம் 10 செ.மீ.க்குக் கீழே இருந்தால் சாக்கு மேலே ஏறாமல் அடியிலேயே சறுக்கி உருளும். இன்னொன்று, வேகம். உருளையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். குறைவாக இருந்தாலும் சறுக்கல்தான். பெல்ட் டிரைவ் என்றால் பெல்ட் தளர்ந்து வழுக்குவது வழக்கம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நீளச் சாக்குகள் முறுக்கினால், முன்னும் பின்னும் சுற்ற வைக்கும் ஸ்டார்ட்டர் போடுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை திசை மாறினால் ஏறிய முறுக்கு தானே அவிழும். மாறும்போது உருளை முழுக்க நின்ற பிறகு எதிர்த்திசை எடுக்கும்படி டைமர் வையுங்கள். உடனே திருப்பினால் செயின் போகும். சாக்கு வாயைக் கட்டிய சணலை அவிழ்க்காமல் அப்படியே போடுவதும் உண்டு. ஒரு நூல் நான்கு சாக்கைக் கட்டிவிடும்.

ஈரத்தையும் பாருங்கள். சணல், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் நார். வணிகக் கணக்கிலேயே அதற்கு 13.75 சதவீத ஈரம் அனுமதி. மழைக்காலத்தில் அதைத் தாண்டிப் போகும், தவிட்டுத் தூசி பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். தொட்டால் குளிர்ச்சி தட்டும் சாக்கை ஒரு வெயில் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி (விருதுநகர்): 200 லிட்டர் ஆயில் பேரலை வாங்கி ஓட்டை போட்டுச் சுற்றினால் குறைந்த செலவில் முடியாதா?

பதில்: பேரலின் விட்டம் சுமார் 57 செ.மீ., உயரம் 88 செ.மீ. உங்கள் சாக்கு 94 செ.மீ. பேரலை விட நீளமான சாக்கு எங்கே விழும், எங்கே அடிபடும்? சுருண்டு கிடக்கும். அதோடு, எண்ணெயோ கரைப்பானோ இருந்த பேரலை கேஸ் கட்டிங்கில் அறுப்பது வெடிவிபத்தை வீட்டுக்கு அழைப்பது. வேண்டாம்.

கேள்வி (சேலம்): மாவுச் சாக்கும் ஸ்டார்ச் சாக்கும் உதறுகிறோம். மாவுத் தூசி வெடிக்கும் என்கிறார்களே, பயமுறுத்தலா, நிஜமா?

பதில்: நிஜம். தரையில் கிடக்கும் மாவு மெதுவாகத்தான் எரியும். அதே மாவு ஒரு மூடிய இடத்தில் மேகமாக, ஒரு கன மீட்டருக்கு 50 கிராமோ அதற்கு மேலோ மிதக்கும்போது பொறி பட்டால் வெடிக்கும். உங்கள் உருளை உறை, குழாய், வடிகட்டிப் பெட்டி மூன்றும் மூடிய இடங்கள்தாம். தூசி மிக அடர்த்தியாவது வடிகட்டிப் பெட்டியில், அதிலும் பைகளை உலுக்கும்போது.

ஆகவே வடிகட்டியைக் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். அதன் ஒரு பக்கம், ஆள் நடமாட்டம் இல்லாத திசையைப் பார்த்து, அழுத்தம் வந்தால் தானே திறந்துகொள்ளும் இலேசான தகடாக இருக்கட்டும். அதன் அளவைப் பெட்டியின் கொள்ளளவைப் பார்த்துத் தொழில் பாதுகாப்புப் பொறியாளர் சொல்ல வேண்டும், குத்துமதிப்பு ஆகாது. உருளை, உறை, குழாய், பெட்டி நான்கையும் செப்புக் கம்பியால் இணைத்து எர்த் செய்யுங்கள். குழாய் இணைப்புகளில் ரப்பர் கேஸ்கெட் இருந்தால் அதைத் தாண்டி ஒரு கம்பி போக வேண்டும், இல்லையென்றால் நிலைமின்சாரம் அங்கேயே நின்றுவிடும். பி.வி.சி. குழாய் கூடவே கூடாது. சாக்கு வாயைக் கட்டிய இரும்புக் கம்பித் துண்டுகளைப் போடும் முன்பே பொறுக்கிவிடுங்கள். அது உள்ளே இரும்பில் உரசினால் பொறி வரலாம். எந்திரத்தில் வெல்டிங் வைப்பதானால் உறை, குழாய், பைகளில் உள்ள தூசியை முழுக்க எடுத்த பிறகுதான்.

உத்தரங்களின் மேல் படியும் தூசியை மறந்துவிடாதீர்கள். முதல் வெடிப்பு சின்னதாக இருக்கும். அது உதறிவிடும் உத்தரத்துத் தூசிதான் இரண்டாவதாக, பெரியதாக வெடிக்கும். அதை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்கிக் கிளப்பாதீர்கள்.

கேள்வி (திண்டுக்கல்): எந்திரம் போட்டு மூன்று மாதம். முதலில் நன்றாக இழுத்தது. இப்போது கதவு இடுக்கில் தூசி வெளியே வருகிறது. புளோயர் மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது.

பதில்: வடிகட்டிப் பை அடைத்திருக்கும். ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். நிறமில்லாத பிளாஸ்டிக் டியூபை 'யு' வடிவில் ஒரு பலகையில் அடித்து, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைப் பைக்கு முன்பும் மறுமுனையைப் பைக்குப் பின்பும் இணையுங்கள். சுத்தமான பையில் தண்ணீர் மட்ட வித்தியாசம் 40 முதல் 60 மி.மீ. இருக்கும். 120 தாண்டினால் உலுக்க வேண்டும். புளோயரை நிறுத்திவிட்டு உலுக்குங்கள். ஓடும்போதே உலுக்கினால் உதிர்ந்த தூசியைக் காற்று மறுபடி பையில் அப்பும். இந்தத் தவற்றைச் செய்யாத ஆலை குறைவு.

உலுக்கியும் வித்தியாசம் இறங்காவிட்டால் துணிக்குள் ஈரத் தூசி இறுகியிருக்கிறது, பையை மாற்றுங்கள். வித்தியாசம் திடீரென 20-க்குக் கீழே போனாலும் சந்தோஷப்படாதீர்கள், ஏதோ ஒரு பை கிழிந்திருக்கும். புளோயர் வெளிவாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால் தெரிந்துவிடும்.

புளோயர் முதலில் ஓட வேண்டும், உருளை பிறகு. நிறுத்தும்போது உருளை முதலில், ஒரு நிமிடம் கழித்துப் புளோயர். கதவில் லிமிட் சுவிட்ச் போட்டு, கதவு திறந்திருந்தால் உருளை சுற்றாதபடி செய்வது அவசியம். சுற்றும் வலையில் விரல் நுழைந்தால் வெளியே வராது.

கேள்வி (தஞ்சாவூர்): உருளையில் உதறிய சாக்கில் நெல் போட்டால் வண்டு வராதா?

பதில்: வரும். உருளை வளர்ந்த வண்டுகளையும் தூசியையும் உதறும். தையல் மடிப்பில் ஒட்டியிருக்கும் முட்டைகளையும், தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டின் புழுக்களையும் முழுக்க எடுக்காது. அந்தப் புழு இரை இல்லாமல் மாதக்கணக்கில் மடிப்புக்குள் கிடக்கும். உதறிய பிறகு சணல் சாக்கைக் கொதிநீரில் 15 நிமிடம் அமிழ்த்தி, முழுக்கக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். எண்ணிக்கை அதிகமென்றால் புகைமூட்டல்தான் வழி. அதற்கான அலுமினியம் பாஸ்பைடு என்ற நச்சு மருந்தை உரிமம் பெற்ற பூச்சித் தடுப்பு நிறுவனத்தார் மட்டுமே கையாள வேண்டும். உதறிய தூசிப் பெட்டியை ஆலைக்குப் பக்கத்தில் கொட்டாதீர்கள். அதில் உள்ளவை நடந்தே திரும்பி வரும்.

கேள்வி (மதுரை): சிமென்ட், உரம், பூச்சிமருந்து வந்த சாக்கையும் இதே உருளையில் போடலாமா? வெள்ளை பிளாஸ்டிக் சாக்கு எப்படி?

பதில்: பூச்சிமருந்து வந்ததை எந்த உருளையிலும் போடக் கூடாது. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் காலிப் பொதிகளை மறுபடி பயன்படாதபடி அழிக்கவே சொல்கின்றன. சிமென்டுக்கும் உரத்துக்கும் தனி உருளை, தனி வடிகட்டி வேண்டும். உதறிய பிறகும் அவற்றில் உணவுப் பொருள் போகக் கூடாது. சிமென்ட் தூசி வியர்வையோடு சேர்ந்தால் தோலை அரிக்கும், கையுறையும் நல்ல தூசி முகமூடியும் கட்டாயம். கைக்குட்டை கட்டினால் போதாது.

பிளாஸ்டிக் சாக்குக்கு 2 முதல் 3 நிமிடம் போதும். இலேசாக இருப்பதால் உறிஞ்சும் வாயில் போய் அப்பிக்கொள்ளும், அங்கே ஒரு கம்பி வலை வைத்து நடைக்கு ஒரு முறை துடையுங்கள். நிலைமின்சாரத்தால் வலையிலும் ஒட்டும், எர்த் இல்லாமல் ஓட்டாதீர்கள். வெயிலில் கிடந்த சாக்கைப் போடும் முன் கையில் கசக்கிப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் அது உருளைக்குள் இழை இழையாகப் பிரிந்து நல்ல சாக்கிலெல்லாம் ஒட்டும். எடைக்குப் போட்டுவிடுங்கள்.