நல்ல வாசனையுள்ள வெள்ளை ஒயின் எது? அது எந்த ஊரில் விளைகிறது?

என்னைக் கேட்டால் கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்பேன். அதுவும் பிரான்ஸின் கிழக்கு ஓரத்திலுள்ள அல்சாஸில் விளைந்தது. பெயர் வாயில் நுழையவில்லையா? கவலை வேண்டாம், அந்த ஊர்க்காரர்களே ‘கெவுர்ட்ஸ்’ என்று சுருக்கிக்கொள்கிறார்கள்.

கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோகும் முன்பே வாசனை வந்துவிடும். ரோஜா, லிச்சிப் பழம், பின்னால் கொஞ்சம் இஞ்சி. எசன்ஸ் ஏதாவது கலக்கிறார்களோ என்று சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் எதுவும் கலப்பதில்லை. ரோஜாவிலும் லிச்சியிலும் இருக்கிற ரோஸ் ஆக்சைடு என்ற பொருள் இந்தத் திராட்சையிலும் தானாகவே இருக்கிறது. வெள்ளை ஒயின் என்கிறோமே தவிர பழத்தின் தோல் இளஞ்சிவப்பு. அறுவடை நேரத்தில் கொடியில் தொங்கும் கொத்தைப் பார்த்தால் வெள்ளை ஒயினுக்கான பழம் என்று சொல்லவே மாட்டீர்கள்.

அல்சாஸுக்கு மேற்கே வோஜ் மலைத்தொடர், கிழக்கே ரைன் ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் ஜெர்மனி. அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் மேகங்கள் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையை வைத்துப் பள்ளியில் படித்தோமே மழை மறைவுப் பகுதி, அதே கதைதான். நடுவிலுள்ள கொல்மார், பிரான்ஸிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று. ஆண்டுக்கு 600 மி.மீ. பெய்தாலே பெரிது.

அந்த வறட்சிதான் இந்தத் திராட்சைக்கு வாழ்வு. இலையுதிர் காலம் காய்ந்தே கிடப்பதால் பழத்தைக் கொடியிலேயே விட்டு நிதானமாக முற்ற வைக்கலாம். வாசனை கடைசிக் கட்டத்தில்தான் கூடும். ஆனால் அதே நாட்களில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், புளிப்பு இறங்கிக்கொண்டே வரும். சீக்கிரம் பறித்தால் வாசனை இல்லை. தாமதித்தால் ஒயின் கனத்து, சப்பென்று ஆகிவிடும். தோட்டக்காரரின் கெட்டிக்காரத்தனம் தெரிவது இந்த இடத்தில்தான். சர்க்கரை இவ்வளவு ஏறுவதால் ஆல்கஹாலும் 13, 14 சதவீதம் வரை போகும். வாசனையில் மயங்கி மளமளவென்று குடிக்கிற சரக்கு அல்ல.

1871 முதல் 1918 வரை இந்தப் பகுதி ஜெர்மனியிடம் இருந்தது. ஆனால் ஊர்ப் பெயர்களில் தெரியும் ஜெர்மானியச் சாயல் அதற்கும் முன்பிருந்தே உள்ளது. பிரான்ஸின் பல பகுதிகளில் லேபிளில் ஊர்ப் பெயர் மட்டுமே இருக்கும். அல்சாஸில் திராட்சையின் பெயரையும் போடுவார்கள். புதிதாக வாங்குபவருக்கு இது பெரிய சௌகரியம். பாட்டிலும் ஒல்லியாக, உயரமாக இருப்பதால் அலமாரியில் தேடவேண்டியதில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மணம் இனிப்பாக இருப்பதால் ஒயினும் இனிக்கும் என்று அர்த்தமில்லை. சிலது துளியும் இனிக்காது, சிலது பாகு மாதிரி இருக்கும். முன்பெல்லாம் திறந்து பார்த்தால்தான் தெரியும். 2021 விளைச்சல் முதல் லேபிளிலேயே குறிப்பிட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ‘செக்’ என்றால் இனிப்பு இல்லாதது. அடுத்தடுத்து ‘தெமி-செக்’, ‘முவாலு’, ‘தூ’ என்று இனிப்பு கூடும். முதல்முறை என்றால் தெமி-செக் எடுங்கள். காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்றால் ‘கிரான் க்ரூ’ (மிகச் சிறந்த நிலம் என்ற தகுதி) என்று போட்டதைப் பாருங்கள். அப்படி அங்கீகரிக்கப்பட்ட நிலங்கள் அங்கே 51 உண்டு. கெவுர்ட்ஸுக்கு என் ஓட்டு வின்ட்ஸன்ஹைம் ஊரின் ஹெங்ஸ்ட் சரிவுக்கு. சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த நிலம் அது.

அப்புறம், ‘காரமான இந்தியச் சாப்பாட்டுக்கு ஏற்ற ஒயின்’ என்று எல்லா இடத்திலும் இதைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு முழுச் சம்மதமில்லை. இஞ்சி, ஏலக்காய், தேங்காய்ப்பால் போட்ட குருமாவுக்குப் பிரமாதம். மிளகாய் தூக்கலான குழம்போடு குடித்தால் ஆல்கஹால் எரிச்சலை இன்னும் கிளப்பிவிடும். அல்சாஸ்காரர்கள் இதை மன்ஸ்டர் என்ற உள்ளூர்ச் சீஸோடு சாப்பிடுகிறார்கள். அந்தச் சீஸின் வாடைக்கு வீட்டில் சண்டையே வரலாம், ஆனால் ஜோடி அபாரம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். ரொம்பச் சில்லென்று இருந்தால் வாசனை எழும்பாது.