அமெரிக்காவில் மத்திய பெட்ரோல் வரியைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தால், பெட்ரோல் பங்கில் விலை அப்படியே குறையுமா?

அப்படியே குறையாது. எவ்வளவு குறைகிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கிறேன். இங்கே பெட்ரோலுக்குப் பெயர் கேஸ். மத்திய அரசின் வரி கேலனுக்கு 18.4 சென்ட்; கேலன் என்பது கிட்டத்தட்ட 3.8 லிட்டர். என் காரை நிரப்ப 14 கேலன் பிடிக்கும். வரி முழுசாகக் குறைந்தாலும் ஒரு தடவைக்கு மிச்சம் 2 டாலர் 58 சென்ட். வாரம் ஒரு தடவை நிரப்பினால் மூன்று மாதத்துக்கு 33 டாலர் சொச்சம். நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு வேளை வெளியே சாப்பிட அதுகூடப் போதாது.

2022 ஜூனில் கேலன் விலை நாட்டுச் சராசரியில் முதல்முறையாக 5 டாலரைத் தாண்டியபோது, அப்போதைய ஜனாதிபதி பைடன் இதைத்தான் கேட்டார்: செப்டம்பர் முடிய மூன்று மாதம் வரி வேண்டாம் என்று. அமெரிக்கக் காங்கிரஸ் அதை நிறைவேற்றவில்லை. அவருடைய கட்சியிலேயே பலருக்கு அதில் ஆர்வம் இல்லை. 2008 ஜனாதிபதித் தேர்தலுக்குப் போட்டியிட்ட மெக்கெய்னும் ஹிலாரியும் இதே யோசனையைச் சொன்னபோது, வெறும் தேர்தல் வித்தை என்று எதிர்த்தவர் ஒபாமா. அந்த ஒபாமாவிடம் துணை ஜனாதிபதியாக இருந்தவர்தான் பைடன்.

மத்திய வரி நிற்கவில்லை. ஆனால் எங்கள் மாநில வரி நின்றது. ஆளுநர் கெம்ப் 2022 மார்ச் 18 அன்று கையெழுத்துப் போட்டார். கேலனுக்கு 29.1 சென்ட், மத்திய வரியைவிடப் பெரிய தொகை. அன்று வெள்ளிக்கிழமை. ஆபீஸ் முடிந்து ஆசையாக எங்கள் தெருமுனை பங்குக்குப் போனேன். பலகையில் காலையில் பார்த்த அதே விலை! கடைக்காரர் குஜராத்திக்காரர், எனக்கு நல்ல பழக்கம். கேட்டால், "பாய், கீழே டேங்கில் இருக்கிறது புதன்கிழமை வரி கட்டி இறக்கின சரக்கு. இன்றைக்குக் குறைத்து விற்றால் யார் நஷ்டம்?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இந்த வரியை நாம் பங்கில் கட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அரசு வசூலிப்பதோ டேங்கர் லாரிகள் எண்ணெய் நிரப்பிக்கொள்ளும் டெர்மினலில், மொத்த வியாபாரியிடம். அங்கே குறைகிற வரி இரண்டு மூன்று கை மாறித்தான் நம்மிடம் வரும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பங்கில் செவ்வாய்க்கிழமைதான் விலை இறங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் ஆய்வுக் குழு அப்போது கணக்குப் போட்டுப் பார்த்தது. ஜார்ஜியாவில் குறைத்த வரியில் 58 முதல் 65 சதவீதம் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது, அப்போது வரியை நிறுத்திய இன்னொரு மாநிலமான மேரிலாந்தில் 72 சதவீதம்.

நாடு முழுக்கக் குறைத்தால் இந்த விகிதம் இன்னும் சுருங்கும் என்பது என் எண்ணம். ஒரு மாநிலம் மட்டும் குறைத்தால் பக்கத்து மாநிலத்துச் சரக்கு இங்கே திரும்பி வர வழி உண்டு. நாடே குறைத்தால் கூடுதல் சரக்கு எங்கிருந்து வரும்? அந்த ஜூனில் சுத்திகரிப்பு ஆலைகள் 90 சதவீதத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன. இருக்கிற எண்ணெய்க்கே போட்டி என்றால், விற்பவர் எதற்கு விலையை முழுசாக இறக்கப் போகிறார்?

டீசல் வரி 24.4 சென்ட். எங்கள் தெருவில் சொந்த லாரி ஓட்டும் பஞ்சாபி ஒருவர் இருக்கிறார். "பாஜி, 200 கேலன் அடித்தால் உங்களுக்கு 48 டாலர் மிச்சம்" என்றேன். அவர் சிரித்தார். லோடு ஏற்றும்போது லாரிக்காரர்கள் வாடகைக்கு மேல் டீசலுக்கென்று தனியாக ஒரு தொகை வாங்குகிறார்கள். அரசு வாரா வாரம் வெளியிடும் சராசரி டீசல் விலையை வைத்துத்தான் அதைக் கணக்கிடுவது. அந்த விலையில் வரியும் சேர்த்தி. வரி குறைந்தால் அந்தத் தொகையும் குறைந்துவிடும்.

இன்னொரு பக்கம், இந்த வரிப் பணம் ஏறக்குறைய முழுவதும் 1956-இல் ஏற்படுத்திய நெடுஞ்சாலை நிதிக்குப் போகிறது. 1993-க்குப் பிறகு வரியை ஒரு சென்ட்கூட ஏற்றவில்லை. நிதி பற்றாமல் 2008-இலிருந்து பொதுக் கஜானாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்று மாதம் நிறுத்தினால் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று வெள்ளை மாளிகையே சொன்னது. வேடிக்கை என்னவென்றால், 1932-இல் ஜனாதிபதி ஹூவர் காலத்தில் 1 சென்ட் என்று ஆரம்பித்தபோது இந்த வரியே தற்காலிகம் என்றுதான் கொண்டுவந்தார்கள்.

எங்கள் மாநில வரிச் சலுகையை நீட்டி நீட்டி 2023 ஜனவரி 10 வரை ஓட்டினார்கள். அன்று ராத்திரி பங்கில் நல்ல கூட்டம். நானும் வரிசையில் நின்றேன். மறுநாள் சாயங்காலமே பலகையில் விலை ஏறிவிட்டது. உள்ளே போய், "பாய், டேங்கில் இருப்பது போன வாரச் சரக்குதானே?" என்று கேட்டேன். லாட்டரி சீட்டு கேட்டு வந்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.