முதல் மூன்று ஆண்டுகள்: நிதி திரட்டுவது குறித்த கேள்வி பதில்

மும்பையில் தொண்டு அமைப்புகளின் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில், அண்மையில் அமைப்பு தொடங்கியிருக்கும் நம்மவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

தாராவி வாசகர்: ஒன்றரை ஆண்டாகப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பிரிவினர் பாராட்டுகிறார்களே தவிர, பணம் தருவதில்லை. எங்கள் விண்ணப்பத்தில் என்ன குறை?

பதில்: விண்ணப்பத்தில் குறை இருக்காது, அமைப்பின் வயதுதான் போதவில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவின் கீழ் வரும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைத் தாம் தொடங்காத ஓர் அறக்கட்டளையின் வழியாகச் செலவிட்டால், அந்த அறக்கட்டளைக்கு அதே வகைப் பணியில் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் இருக்க வேண்டும், சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும் என்பது விதி. இதை அந்தப் பிரிவினர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால் உங்கள் ரயில் செலவாவது மிஞ்சும். ஏனோ பலர் சொல்வதில்லை. அதுவரை வருகைப் பதிவேட்டையும் தணிக்கை செய்த கணக்கையும் ஆண்டு தவறாமல் சேர்த்து வையுங்கள். மூன்றாம் ஆண்டின் முடிவில் அவர்கள் கேட்கப்போவது அவற்றைத்தான்.

செம்பூர் வாசகர்: நன்கொடை தருபவருக்கு வருமான வரி விலக்கு தரும் 80ஜி சான்று கிடைத்துவிட்டது. இனி நன்கொடை பெருகும் அல்லவா?

பதில்: ஓரளவுக்குத்தான். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரர்களுக்கு இந்த விலக்கு கிடையாது என்பதால், வரிச் சலுகையை முன்வைத்து மட்டும் கேட்டால் கொடுப்பவர் கை நீளாது. புதிய அமைப்புக்குக் கிடைப்பது மூன்றாண்டுக்கான தற்காலிகப் பதிவுதான் என்பதையும், அதை முறையான பதிவாக மாற்ற உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நன்கொடையாளரின் பான் எண்ணைப் பணம் வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிந்தபின் அறிக்கை தாக்கல் செய்யும் வேளையில், ஐந்நூறு ரூபாய் தந்தவரைத் தொலைபேசியில் துரத்திப் பான் எண் கேட்ட அனுபவம் எனக்கு உண்டு; அவர் மறுமுறை நன்கொடை தரவில்லை.

மாட்டுங்கா வாசகர்: அரிசி மூட்டையும் நோட்டுப் புத்தகமும் தருபவர்களுக்கு 80ஜி ரசீது தரலாமா?

பதில்: கூடாது. பொருளாகத் தருவதற்கு விலக்கு இல்லை. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கும் இல்லை. நன்றிக் கடிதம் கொடுங்கள்.

முலுண்ட் வாசகர்: புத்தகம் வாங்கப் பலர் தருகிறார்கள், ஆசிரியர் சம்பளத்துக்கு ஒருவரும் தருவதில்லை. என்ன செய்வது?

பதில்: எல்லா இளம் அமைப்புகளையும் வாட்டும் சிக்கல் இது, இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. சம்பளத்தை 'நிர்வாகச் செலவு' என்று தனி வரியில் எழுதிவிட்டு வருந்துவதில் பயனில்லை. பாடம் நடத்தும் ஆசிரியரின் ஊதியம் கல்விப் பணியின் செலவே. அதை நிர்வாகத்தில் தள்ளியது நாம் செய்த தவறு. ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகும் மொத்தச் செலவை, ஊதியம், வாடகை, மின்சாரம் எல்லாவற்றையும் வகுத்துச் சேர்த்துக் கணக்கிட்டு, அந்த ஒரு தொகையைக் கேளுங்கள். ஆண்டுக்கொரு முறை பெருந்தொகை தரும் ஒருவரைவிட, மாதந்தோறும் முந்நூறு ரூபாய் தரும் நாற்பது பேர் மேல் என்பது என் கருத்து. அந்த ஒருவர் ஊர் மாறினால் வகுப்பே நின்றுவிடும்.

ஆண்டாப்ஹில் வாசகர்: துபாயில் இருக்கும் என் மைத்துனர் பணம் அனுப்ப விரும்புகிறார். வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு எங்களிடம் இல்லை.

பதில்: அவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவராக இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டின் நகலை ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் என்றால், அவர் தமிழரே ஆனாலும், பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.