மண்ணுக்குள் அடிக்கும் நெடி

கேள்வி: மண்ணில் இருக்கும் பாக்டீரியா, பூஞ்சையைத் தொடாமலே வெறும் வாடையால் அடக்கிவிடும் என்கிறார்களே ஐயா, நம்பும்படியாகவா இருக்கிறது?

பதில்: நானும் நம்பாதவன்தான். ஒரு டப்பா நிறையப் பெட்ரி தட்டுகளை, அதாவது நுண்ணுயிர் வளர்க்கும் மூடி போட்ட தட்டுகளை, பாழாக்கிய பிறகு நம்பினேன்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது, நடுவில் தடுப்பு வைத்த தட்டுகளில் வேலை. இந்தப் பக்கம் பாக்டீரியா, அந்தப் பக்கம் பூஞ்சை. இரண்டு பக்கத்து அகாரும், அதாவது அவை வளரும் உணவுக் கூழும், ஒன்றோடொன்று ஒட்டாது. மூடிக்கு அடியில் இருக்கிற காற்று மட்டும் பொது. ஒப்பிட்டுப் பார்க்க, பூஞ்சையை மட்டும் வைத்த தட்டுகளும் உண்டு. இடம் மிச்சமாகட்டும் என்று அத்தனையையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி மூடிவிட்டேன்.

நாலாம் நாள் திறந்தால் குப்பென்று அம்மோனியா நெடி. தனியாக வைத்த பூஞ்சைகூட வளரவில்லை. விளிம்பைத் தொட்டிருக்க வேண்டியது, பொட்டளவில் நின்றிருந்தது. செத்துப்போச்சு என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் மனசு கேட்காமல் ஒரு துண்டு வெட்டிப் புதுத் தட்டில் வைத்து, வேறு அறைக்குக் கொண்டுபோனேன். இரண்டே நாளில் வெள்ளைப் பஞ்சாகக் கிளம்பிவிட்டது! அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்று முதல் ஒப்பீட்டுத் தட்டுகளுக்குத் தனி டப்பா.

மண்ணிலும் இதுதான் கதை. கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே முழுக்கக் காற்றுத் துளைகள். ஒரு சின்ன மூலக்கூறு தண்ணீரில் பரவுவதைவிடக் காற்றில் சுமார் 10,000 மடங்கு வேகமாகப் பரவும். அதனால் எட்டாத தூரத்தில் இருப்பவனையும் வாடை எட்டிவிடும். அம்மோனியா மட்டுமல்ல, டைமெத்தில் டைசல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்களும் உண்டு. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இனத்தில் சில, ஹைட்ரஜன் சயனைடையே விடும். அது செல்லின் சுவாசத்தைக் கடைசிப் படியில் பூட்டிவிடுகிற சரக்கு.

ஈரமும் சூடும் சரியாக இருந்தும் மண்ணில் பூஞ்சை வித்துகள் முளைக்காமல் கிடப்பதை 1953-இலேயே டாப்ஸ், ஹின்சன் என்ற இருவர் எழுதிவைத்தார்கள். உணவுப் பஞ்சம் அதற்கு ஒரு காரணம். இந்த ஆவிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

கேள்வி: அப்படியானால் பூஞ்சை எப்போதும் அடி வாங்கும் கட்சிதானா?

பதில்: இல்லை. பூஞ்சையும் வாடை விடும், பாக்டீரியா அதைக் கவனிக்கும். ஃபியூசேரியம் பூஞ்சையின் ஆவி பட்டால் செராஷியா என்ற பாக்டீரியாவின் நடமாட்டம் கூடுகிறது. சோடோரிஃபென் என்ற ஆவியைத் தன் பங்குக்கு விடவும் தொடங்குகிறது.

எனக்குப் பிடித்தது வேறு. ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற மண் பாக்டீரியா இழை இழையாக வளர்ந்து, இருந்த இடத்திலேயே வித்து விடும் என்றுதான் நாங்கள் படித்தோம், பாடமும் நடத்தினோம். 2017-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அதை ஈஸ்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஈஸ்ட்டும் பூஞ்சைக் குலம்தானே. அகாரில் இருந்த குளுக்கோஸைத் தின்று தீர்த்துவிட்டது. உடனே இந்தச் சாது, தட்டு முழுக்கப் பரவக் கிளம்பிவிட்டது. குறுக்கே கல் வைத்தாலும் ஏறிக் கடந்தது. கிளம்பும்போது டிரைமெத்தில்அமீன் விடுகிறது. அழுகின மீன் நாறுமே, அதே பொருள். அது அகாரின் காரத்தன்மையை ஏற்றும். தடுப்புக்கு அப்பால் சும்மா கிடக்கிற வேறொரு ஸ்ட்ரெப்டோமைசஸ்கூட அந்த நாற்றம் பட்டதும் புறப்பட்டுவிடும். அதே ஆவி அக்கம்பக்கத்து மற்ற பாக்டீரியாக்களுக்கு இரும்புச் சத்து கிடைப்பதையும் குறைக்கிறது. ஆயுதமா, அழைப்பா என்று ஒரு வார்த்தையில் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: பூஞ்சையை அடக்கும் அந்த ஆவிச் சேர்மங்களையே நேரடியாக மண்ணில் தெளித்தால் பூஞ்சை நோய் போய்விடாதா?

பதில்: அவசரப்படாதீர்கள். தட்டில் நாங்கள் ஊற்றுவது விருந்துச் சாப்பாடு. புரதம் மிதமிஞ்சி இருப்பதால்தான் என் டப்பாவில் அப்படி அம்மோனியா அடித்தது. மண்ணில் பாக்டீரியா பாதி நாள் பட்டினி. விடுகிற ஆவியும் கொஞ்சம்தான். தெளித்தது மேலே பறந்துபோகும், களிமண்ணில் ஒட்டும், மிச்சத்தை வேறு நுண்ணுயிர் தின்னும். நோய் தரும் பூஞ்சை எது, நல்ல பூஞ்சை எது என்றும் அம்மோனியாவுக்குத் தெரியாது. ஆவியை விடுகிற பாக்டீரியாவுக்கு மண்ணில் மக்கின இலைதழை கிடைக்கும்படி பாருங்கள். எவ்வளவு விடுவது என்பதை அதனிடமே விட்டுவிடலாம்.