ஊசி போட்டதும் நொண்டல் நின்றது, வழக்கு நிற்குமா?

கேள்வி: அந்தியூர் குதிரைச் சந்தையில் வியாபாரி ஒருவரிடம் சுழி பார்த்து 2,80,000 ரூபாய்க்கு மார்வாரி பெண்குதிரை வாங்கினேன். ‘கால் சுத்தம்’ என்று ரசீதில் எழுதித் தந்தார். மூன்றாவது வாரம் முன்னங்கால் நொண்டியது. டாக்டர் குதி நரம்பில் மரத்துப்போக ஊசி போட்டார். பத்து நிமிடத்தில் நேராக ஓடியது. ‘உன் ஊசியால்தான் நொண்டுகிறது’ என்கிறார் வியாபாரி. தரகர் போனையே எடுப்பதில்லை. மோசடி வழக்குப் போடலாமா?

பதில்: தரகர், சுழி எல்லாம் இருக்கட்டும். விற்ற அன்றே காலில் கோளாறு இருந்ததா? வழக்கு அதில்தான் நிற்கிறது. மரத்ததும் நொண்டல் நின்றால் வலி அந்தப் பகுதியில்தான். ஆக, வலி எங்கே என்று ஊசி சொல்லும். எப்போதிருந்து என்று சொல்லாது. அதற்கு எக்ஸ்ரே எடுங்கள். குளம்புக்குள் எலும்பில் நாள்பட்ட மாற்றம் தெரிந்தால், மூன்று வாரத்தில் வந்ததல்ல என்று டாக்டர் சாட்சி சொல்லலாம். மோசடி என்றால் தெரிந்தே மறைத்தார் என்றும் காட்ட வேண்டும். அதை விடுங்கள். ரசீதில் அந்த வரி இருக்கிறதே, அதைப் பத்திரப்படுத்துங்கள்.

என் கட்சிக்காரர்கள் வழுக்கி விழுவது வேறு இடத்தில். வீடியோ கொண்டுவருவார்கள், ஊசிக்குப் பிந்தைய ஓட்டம் மட்டும் இருக்கும். முன்பு எப்படி நொண்டியது, என்ன மருந்து, எத்தனை மில்லி, குதியில் பேனா முனையால் அழுத்தி உணர்வு போனதா என்று பார்த்தார்களா, ஒன்றும் இருக்காது. மருந்து மேலே பரவிப் பக்கத்து மூட்டையும் மரக்கச் செய்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு டாக்டர் சொன்னால், ‘எங்கே’ என்பதும் ஆட்டம் காணும். நல்லவேளையாக, மரப்பு சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். வியாபாரிக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் ஆள் முன்னால் அதே ஊசிச் சோதனையை இன்னொரு முறை செய்ய டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், குதிரையை ஓட்டாதீர்கள். ஒருவர் ஊசி போட்ட தெம்பில் அன்றே ஏறி ஓட்டினார். உள்ளே மயிரிழை முறிவு. வலி தெரியாமல் ஊன்றி எலும்பு விலகிவிட்டது. குதிரையும் போச்சு, வழக்கும் போச்சு. இன்னொருவர் புது லாடம் அடித்து இரண்டு மாதம் கல்யாண ஊர்வலத்துக்கு அனுப்பினார். 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-வது பிரிவுப்படி அது ஏற்றுக்கொண்டதாகிவிட்டது. திருப்பித் தரும் உரிமை போய், நஷ்டஈடு கேட்பதுதான் மிஞ்சியது. குதிரை வேண்டாம் என்று இன்றே ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள்.

எக்ஸ்ரே சாதகமாக வந்தால் படத்தோடு வியாபாரியிடம் உட்காருங்கள். 2 லட்சம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு முடியும்வரை கொள்ளுக்கும் புல்லுக்கும் நீங்கள்தானே செலவழிக்க வேண்டும்? ஒன்று மட்டும்: பணம் கைக்கு வராமல் குதிரையை வண்டியில் ஏற்றிவிடாதீர்கள்.