படிப்பு மேசை வாங்கப் போகிறீர்களா? முதலில் நாற்காலியைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் மகனுக்கு 14 வயது. இதுவரை கட்டிலில் சாய்ந்தும் சாப்பாட்டு மேசையில் ஓர் ஓரத்திலும்தான் வீட்டுப்பாடம் எழுதி வந்தான். இனி அவனுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று நினைக்கிறோம். மேசை, நாற்காலி, புத்தக அலமாரி எல்லாம் சேர்ந்த செட் ஒன்று பார்க்க நன்றாக இருக்கிறது. அதையே வாங்கலாமா? பட்ஜெட் கொஞ்சம்தான்.

பதில்: செட் வேண்டாம். செட்டில் கண்ணைப் பறிப்பது மேசையும் அலமாரியும்தான், நாற்காலி பெரும்பாலும் பேருக்கு ஒன்று வைத்திருப்பார்கள், ஆனால் உங்கள் மகன் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் முதுகைக் கொடுக்கப்போவது அந்த நாற்காலிக்குத்தான். பணம் கொஞ்சம்தான் என்றால் முதலில் நாற்காலி, அடுத்து விளக்கு, மிச்சம் இருப்பதில் மேசை. ஆடாத, கால் நீட்ட இடமுள்ள பழைய மேசை வீட்டில் இருந்தால் அதுவே போதும்.

வாங்கப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்து அவனை அளந்துவிடுங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதியும்படி உட்கார வையுங்கள், தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்கச் சொல்லுங்கள், தரையிலிருந்து முழங்கை வரை எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அதுதான் அவனுக்கான மேசை உயரம். பள்ளி மேசை நாற்காலிகளுக்கு இஎன் 1729 என்று ஓர் ஐரோப்பிய தரநிலை இருக்கிறது. அதன்படி 133 முதல் 159 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 38, மேசை 64 செ.மீ., 159 முதல் 188 வரை உள்ளவருக்கு இருக்கை 46, மேசை 76 செ.மீ. கடையில் கிடைக்கும் சாதாரண மேசைகள் 72 முதல் 76 செ.மீ. வரை இருக்கும், அதாவது வளர்ந்தவர்களின் அளவு. 150 செ.மீ. உயரமுள்ள பையன் அதில் எழுதினால் தோளைத் தூக்கிக்கொண்டுதான் எழுத வேண்டும், அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கும், எழுந்து போய்விடுவான், நாம் அவனுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று நினைத்துக்கொள்வோம்.

இதற்காகச் சின்ன மேசை வாங்கவும் வேண்டாம். வேகமாக வளரும் வருடத்தில் 8, 9 செ.மீ. கூட உயர்ந்துவிடுவார்கள், அடுத்த வருடமே அது பத்தாமல் போகும். உயரம் மாற்றக்கூடிய நாற்காலியை மேசைக்கு ஏற்ப உயர்த்திவிட்டு, தொங்கும் காலுக்குக் கீழே உறுதியான ஒரு மனைப்பலகையோ பெட்டியோ வையுங்கள். வளர வளர மனையை எடுத்துவிட்டு நாற்காலியை இறக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகளுக்கு 13 வயதில் பெரியவர்கள் உட்காரும் நல்ல நாற்காலி ஒன்று வாங்கினேன். சில மாதம் கழித்து அதைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், இருக்கையின் முன் விளிம்பில் துணி தேய்ந்து பளபளவென்று இருந்தது, பின்பாதி கடையில் இருந்தபடியே புதுசு. முதுகுச் சாய்வில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இருக்கையின் ஆழம் அவள் தொடைக்கு அதிகம், பின்னால் தள்ளி உட்கார்ந்தால் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அறுத்திருக்கிறது, அதனால் அத்தனை நாளும் நுனியிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே கடைக்குப் பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். முதுகு சாய்வில் பட உட்கார்ந்தபின் இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கையோடு ஒரு நோட்டும் எடுத்துப் போய், பதினைந்து நிமிடமாவது அங்கேயே எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

மேசை வாங்கியே ஆக வேண்டும் என்றால், அகலம் 100 முதல் 120 செ.மீ., ஆழம் 60 செ.மீ. இருந்தால் புத்தகம், நோட்டு, லேப்டாப் மூன்றும் அடங்கும். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு என்றால் பலகையின் கனத்தைக் கேளுங்கள். 18 மி.மீ. பலகை 120 செ.மீ. நீளத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் போனால் நாளடைவில் தொய்ந்துவிடும், 25 மி.மீ. பரவாயில்லை, அல்லது அடியில் குறுக்குச் சட்டம் இருக்க வேண்டும். மேசையின் இரு மூலைகளைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடையிலேயே ஆடுவது வீட்டுக்கு வந்து நிற்கப் போவதில்லை.

கேள்வி: டேபிள் லேம்ப் எத்தனை வாட் வாங்க வேண்டும்? மகள் இடது கைக்காரி.

பதில்: எல்இடி வந்த பிறகு வாட்டைப் பார்த்து வெளிச்சத்தைச் சொல்ல முடியாது, லுமென் பாருங்கள், விளக்கு மொத்தம் எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதன் அளவு அது. மேசைமேல் வந்து விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள், எழுதப் படிக்க 500 லக்ஸ் வேண்டும் என்பது பொதுவான கணக்கு, 400, 500 லுமென் உள்ள நல்ல டேபிள் லேம்ப் பக்கத்தில் இருந்தால் அதைத் தந்துவிடும். பக்கத்தில் என்பதுதான் முக்கியம், விளக்கை இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும், அதனால் கழுத்து நன்றாக வளைந்து நீளும் விளக்காகப் பாருங்கள். வெளிச்சத்தின் நிறம் 4000 கெல்வின் அளவில், அதாவது மஞ்சளும் இல்லாமல் நீலமும் இல்லாமல் நடுவெள்ளையாக இருந்தால் இதம். பெட்டியில் போட்டிருக்கும் சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண், 80-க்கு மேல் இருக்கட்டும், படம் வரைகிற பிள்ளை என்றால் 90. கடையிலேயே விளக்கைப் போட்டு போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் பாருங்கள், திரையில் பட்டை பட்டையாகத் துடித்தால் வேறு விளக்கு கேளுங்கள்.

இடது கையால் எழுதுபவருக்கு விளக்கு வலது பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கையின் நிழல் எழுதும் வரியிலேயே விழும். ஜன்னல் இருந்தால் அதுவும் பக்கவாட்டில் இருப்பது நல்லது. இன்னொரு பழக்கத்தையும் மாற்றுங்கள், அறையை இருட்டாக்கிவிட்டு மேசை விளக்கை மட்டும் போடுவது. கண்ணுக்கு அது வீண் சிரமம், அறை விளக்கும் எரியட்டும்.

கேள்வி: கேமிங் சேர்தான் வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான்.

பதில்: அவன் ஆசையைத் தள்ளிவிடாதீர்கள், பிடித்த நாற்காலியில்தான் உட்காரவும் செய்வான். ஆனால் அவற்றில் பல பெரியவர்களின் உடலுக்குச் செய்தவை. மேலே சொன்ன விரல் சோதனையில் தேறுகிறதா, கைப்பிடி மேசைக்கு அடியில் நுழைகிறதா என்று பாருங்கள், நுழையாவிட்டால் நாற்காலியை மேசைக்கு அருகே இழுக்கவே முடியாது. போலித் தோல் மேலுறை இரண்டு மூன்று வருடத்தில் உரியத் தொடங்கலாம், துணியோ மெஷ் என்கிற வலைத்துணியோ நீண்ட நாள் வரும், அவ்வளவாக வியர்க்கவும் செய்யாது. இருக்கையை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்டுக்கு வாரண்டி உண்டா என்று தனியாகக் கேளுங்கள், உட்கார்ந்தால் தானாக இறங்குகிற கோளாறு அதனால்தான் வருகிறது. இதெல்லாம் சரி என்றால் நிறத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: தனி அறை இல்லை. ஹாலில்தான் இரண்டு பிள்ளைகளும் படிக்க வேண்டும். லேப்டாப் வேறு.

பதில்: தனி அறை இல்லாதது ஒரு குறையே இல்லை. ஒரே நீள மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் முழங்கை இடிக்கும், சண்டை வரும். இடம் இருந்தால் சின்னதாக இரண்டு மேசை, முதுகுக்கு முதுகு. இடமே இல்லை என்றால் சுவரில் மடக்கும் பலகை ஒன்று போடலாம், ஆனால் அதை உறுதியான சுவரில்தான் மாட்ட வேண்டும், பிள்ளைகள் அதன்மேல் சாய்வார்கள்.

லேப்டாப்பை அப்படியே மேசையில் வைத்தால் கழுத்து குனிந்தே இருக்கும். ஸ்டாண்டு ஒன்றின் மேல், அல்லது தடித்த நான்கு புத்தகங்களின் மேல், திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி வைத்து, தனி கீபோர்டும் மவுஸும் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் செருகாதீர்கள், சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. போன் சார்ஜரை மட்டும் மேசையில் வைக்காமல் வேறொரு இடத்தில், கை எட்டாத தூரத்தில் வைத்துப் பாருங்கள். திட்டவே வேண்டியிருக்காது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மேசையின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய பிறகுதான் பின்பலகையில் விரிசல் தெரிந்தது. பூட்டிவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: உடனே கழற்றாதீர்கள். பார்ட்டிகிள் போர்டில் திருகைக் கழற்றிக் கழற்றிப் போட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், அப்புறம் அதையே உங்கள் தவறு என்பார்கள். விரிசல், பெட்டியில் உள்ள லேபிள், பெட்டி நசுங்கியிருந்தால் அந்த மூலை, மூன்றையும் படம் எடுங்கள். போனில் பேசியதை மட்டும் நம்பாதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள். முழு மேசையை மாற்றச் சொல்வதைவிட அந்த ஒரு பலகையை மட்டும் அனுப்பக் கேட்டால் பல விற்பனையாளர்கள் சம்மதிப்பார்கள். மறுத்தால், குறை உள்ள பொருளுக்கும் மனம் மாறித் திருப்புவதற்கும் விதி வேறு என்பதைச் சுட்டிக்காட்டி, வாங்கும்போது ஒப்புக்கொண்ட திருப்புதல் விதியையும் சேர்த்து எழுதுங்கள். அதுவரை பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம்.